மாமனார் வாசலைத் தாண்டிய மூன்று மாடுகள்

அன்று காலை நான் ஒரு சபதம் எடுத்தேன். மனைவி நங்கிலா, எட்டுக் கோழிகள், மூன்று மாடுகள் ஆகியோர் முன்னிலையில், முற்றத்தின் நடுவில் நின்று எடுத்தேன்.

"நான் உசிரோட இருக்கிற வரைக்கும் கடனுக்காக என் கையால ஒரு மாட்டை விக்க மாட்டேன். இது இந்த மக்கோக்கா சொல்ற சொல்லு."

நங்கிலா கீரை நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்க கையால?"

"என் கையால."

"சரி" என்றாள்.

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன். கத்தினால் பயமில்லை. சட்டி பறந்தாலும் குனிந்துகொள்ளலாம். 'சரி' என்று சொன்னால்தான் ஆபத்து.

என் கடனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிமிலிலி ஊர்ப் பக்கத்தில் கல்யாணமோ சாவோ மைக் செட் இல்லாமல் நடக்காது. அதுவும் சாவு என்றால் நாலு நாள் பாட்டு, பிரசங்கம், அழுகை எல்லாமே ஒலிபெருக்கியில்தான். நான் யோசித்தேன். சாவுக்குப் பஞ்சமே வராது, ஆகவே தொழிலுக்கும் பஞ்சம் வராது. சிமெண்டுக் கடை நமசாக்காவிடம் கடன் வாங்கினேன். சிமெண்டை விட வட்டியில்தான் அவருக்கு வியாபாரம் அதிகம். ஆளுயர ஸ்பீக்கர் ரெண்டு வாங்கினேன். ஊரில் யார் செத்தாலும் என் ஸ்பீக்கர்தான் அழுதது. ஆனால் புதைத்துவிட்டு வந்தவர்களிடம் போய் வாடகை கேட்டால், "மனுஷனே போயிட்டான், உனக்குப் பணமா பெரிசு?" என்று என்னையே பார்த்து அழுதார்கள். இப்போது ஒரு ஸ்பீக்கருக்குள் கோழி அடைகாக்கிறது.

நமசாக்காவுக்கு வட்டி கட்ட போனில் கடன் வாங்கினேன். விரலால் ரெண்டு தட்டு தட்டினால் பணம் வந்து விழுகிறது. அந்தக் கடனைக் கட்ட இன்னொரு போன் கடன். தவணை தப்பியதும் அந்தப் பாவிகள் என் போனில் உள்ள அத்தனை பேருக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். 'உங்களுக்குத் தெரிந்த மக்கோக்கா வாங்கிய கடனைக் கட்டவில்லை. அவரோடு பண விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.' பாதிரியாருக்குப் போயிற்று. ஹெட்மாஸ்டருக்குப் போயிற்று. என் மாமியாருக்கும் போயிற்று. எங்கள் வழக்கத்தில் மருமகன் மாமியார் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. பத்தொன்பது வருஷமாக நான் பார்த்ததில்லை. அவருக்கு என்னிடமிருந்து போன முதல் சேதியே இதுதான்.

இதற்கெல்லாம் நங்கிலாவிடம் ஒரு திட்டம் இருந்தது. அடுப்புக்கு மேல் மூன்று டப்பா வைத்திருந்தாள். பால் விற்ற காசு வந்ததும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு ஒன்றில், சாப்பாட்டுக்கு ஒன்றில், கடனுக்கு ஒன்றில் போடுவாள். அவசரத்துக்கு எனக்கென்று நாலாவது டப்பா எங்கே என்று கேட்டேன். "உங்க அவசரத்துக்கு டப்பா பத்தாது, தொட்டிதான் கட்டணும்" என்றாள்.

நான் சபதம் எடுப்பதற்குச் சற்று முன்புதான், "மயிலைப் பசுவை இப்பவே விப்போம்" என்றாள். "நமசாக்கா கணக்கு முடிஞ்சிரும். ஸ்பீக்கரையும் தள்ளிவிட்டா போன் கடன்ல பாதி அடையும். மீதியைப் பால் காசுல கட்டிருவேன். செவலையும் கன்னுக்குட்டியும் மிஞ்சும். பிள்ளைங்க படிப்பு நிக்காது."

"மாட்டை விக்கச் சொல்றியா? ஊர்ல என் தலையை எங்க கொண்டு வைக்கிறது?"

"இப்ப எங்க வச்சிருக்கீங்களோ அங்கயே வைங்க. சனிக்கிழமை கெடு முடியுது. நமசாக்கா லாரியோட வந்தா மூணையும் ஏத்திட்டுப் போயிருவான். நீங்கதான் மூணையும் அடமானமா எழுதிக் கொடுத்திருக்கீங்க. வட்டிக்கு வட்டி போட்டு மூணையும் முழுங்குவான். ஒண்ணு போறது நல்லதா, மூணும் போறது நல்லதா?"

செவலையும் மயிலையும் கறக்கிற பால்தான் எங்கள் வீட்டு வருமானம். மாடு போனால் மூத்தவன் சிமியூ விடுதிப் பள்ளிக்கூடத்திலிருந்து பெட்டியோடு திரும்பி வந்து நிற்பான். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததால்தான் சபதம் எடுத்தேன்.

சபதம் எடுத்த பிறகு ஒரு யோசனையும் வந்தது. என் யோசனைகள் எப்போதும் இந்த வரிசையில்தான் வரும்.

"மாட்டை ஒளிச்சு வச்சிருவோம்" என்றேன். "நாளைக்கு வெள்ளி, சந்தை நாள். ரோடு பூரா மாடு போகும். என் மாட்டை யாரும் கவனிக்க மாட்டாங்க. சனிக்கிழமை நமசாக்கா வந்து வெறும் தொழுவத்தைப் பார்த்துட்டுப் போகட்டும்."

"எங்க ஒளிப்பீங்க?"

"என் தம்பி வீட்ல."

"போன வருஷம் நம்ம ஆட்டை அங்கதான் விட்டோம். செத்துப்போச்சுன்னு சொன்னார். செத்த ஆட்டோட விலையில புது சைக்கிள் வாங்கினார்."

"அப்ப பாதிரியார் தோட்டத்துல."

"அவருக்கு மெசேஜ் வந்துருச்சு."

நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பெயருக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ஒன்று அவனுக்கு நான் பணம் தர வேண்டும், இல்லையென்றால் அவனுக்கு மெசேஜ் வந்திருக்கும். கடைசியில் அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல, "எங்கப்பா வீட்ல தொழுவம் காலியாத்தான் கிடக்கு" என்றாள். உடனே, "வேண்டாம், வேண்டாம். அது சரிப்படாது" என்றாள்.

"ஏன் சரிப்படாது?"

"உங்களுக்கு அங்க பாக்கி இருக்கே."

பாக்கிதான். கல்யாணத்துக்குப் பேசிய பரிச மாடுகளில் கடைசி மாட்டை நான் இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த அறுவடைக்குத் தருகிறேன் என்று சொன்னேன். அதற்கப்புறம் பல அறுவடை வந்து போயிற்று. அதனால் மாமனார் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

ஆனால் இந்த இடத்தில்தான் என் மூளை பளிச்சென்று வேலை செய்தது.

"அடி பைத்தியமே, அதுதானே அதுல விசேஷம்" என்றேன். "மக்கோக்கா செத்தாலும் மாமனார் வீட்டுப் படியேற மாட்டான்னு ஊருக்கே தெரியும். நமசாக்கா அங்க மட்டும் தேடவே மாட்டான்."

"நான் வேண்டாம்னுதான் சொல்றேன். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

"யோசனை என்னோடது. நீ சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். அன்று சாயங்காலம் மூன்று மாடுகளையும் குளிப்பாட்டினாள். எதற்கு என்று கேட்டேன். அழுக்கு மாடு என்றால் மலையிலிருந்து திருடிக்கொண்டு வந்தது என்று போலீஸ் நினைக்குமாம். என் கல்யாணக் கோட்டை எடுத்துத் தேய்த்து வைத்தாள். கிழிந்த சட்டைக்காரன் மூன்று மாடு ஓட்டிப் போனாலும் போலீஸ் அதையேதான் நினைக்குமாம். தொப்பியும் கைத்தடியும் கொடுத்தாள். இவ்வளவு முன்யோசனை உள்ள பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்று உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கிறேன் என்று வாடகை மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போய்விட்டாள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு மாடுகளை ரோட்டில் இறக்கினேன்.

ரோடு நான் நினைத்தபடிதான் இருந்தது. சந்தைக்குப் போகிற மாடு, ஆடு, மக்காச்சோள மூட்டை, தலையில் வாழைத்தார் வைத்த பெண்கள். ஆனால் ஒரு மாட்டுத் தரகன் நேராக வந்து மயிலையின் வாலைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்ன விலைக்குப் போகுது?"

"விக்கிறதுக்கு இல்லை."

"விக்காத மாட்டைக் குளிப்பாட்டி எதுக்குய்யா சந்தை ரோட்ல ஓட்டுறே? அழகு பாக்கவா?"

வாலை விடுவித்துக்கொண்டு நடந்தேன். அடுத்து வருவது நமசாக்காவின் கடை. அதைத் தாண்டாமல் போக வேறு வழி கிடையாது. தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். செவலை சரியாகக் கடைக்கு எதிரே நின்று, நிதானமாகச் சாணி போட்டது. நான் நின்றேன். மெதுவாகத் தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன். கடை பூட்டியிருந்தது.

சந்தை நாளில் நமசாக்கா கடையைப் பூட்டி நான் பார்த்ததே இல்லை. அவர் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மன்னியுங்கள், கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

"என்ன மக்கோக்கா அண்ணே, மாடு எங்க போகுது?"

பூட்டிய கடையின் நிழலில், மோட்டார் சைக்கிள் மேல் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கேயா. நமசாக்காவின் கடையில் மூட்டை தூக்குகிறவன். கடன்காரர்கள் வீட்டுக்குப் போய் சாமான் தூக்குகிறவனும் அவன்தான்.

"ஊசி போட" என்றேன். "மாட்டு டாக்டர்கிட்ட."

"மூணுக்குமா?"

"மூணுக்கும்."

"கோட்டுக்குமா?"

நான் மாட்டைத் தட்டினேன். பின்னால் அவன் போனில் யாரிடமோ, "ஆமாங்க, வந்துட்டாரு. மூணும் இருக்கு" என்று சொல்வது காதில் விழுந்தது. அப்புறம் மோட்டார் சைக்கிள் கிளம்புகிற சத்தம்.

அதற்குப் பிறகு நான் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். செவலை ஓடியது. மயிலை ஓடியது. கோட்டில் ஒரு பொத்தான் தெறித்துப் போயிற்று. கேயா எங்களை முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. கல்லெறி தூரத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தான். சந்தைக்குத் திரும்பும் கிளை ரோடு வந்தபோது மட்டும் வேகமாக வந்து அதை மறித்து நின்றுகொண்டான். எனக்கு எதற்கென்று புரியவில்லை. நான் சந்தைக்கே போகவில்லையே.

ஆற்றங்கரையில் கன்றுக்குட்டி தண்ணீரில் இறங்க மாட்டேன் என்றது. தள்ளினேன், கெஞ்சினேன், கடைசியில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ஆறு மாதக் கன்று. முழங்கால் தண்ணீரில் ஒரு காலை எடுத்து வைத்தால் அடுத்த கால் வர மறுத்தது. சிமியூவின் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டேன். இந்த மூன்றும் போய்விட்டால் நான் செய்த மடத்தனத்துக்கெல்லாம் அவன்தான் விலை கொடுப்பான். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆற்றுத் தண்ணீர் என்று கேயா நினைத்திருப்பான்.

கரையேறினேன். மேட்டில் மாமனார் வீட்டு வாசல் தெரிந்தது. தப்பித்தோம் என்று கன்றை இறக்கிவிட்டேன்.

வாசலில் கூட்டம் நின்றிருந்தது.

பெண்கள் கையில் பச்சை இலைக்கொத்து. என்னைப் பார்த்ததும் குலவையிட்டார்கள். கொட்டுச் சத்தம் கேட்டது. முற்றத்தில் கம்பு மதுப் பானையைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, நீளமான குழல்களில் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் சொந்தப் பெரியப்பா. இவர் எங்கே இங்கே என்று யோசித்தேன். அப்புறம் என்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். கல்யாணக் கோட்டு. தொப்பி. கைத்தடி. குளிப்பாட்டிய மூன்று மாடு. முன்னால் மாமனார் வீட்டு வாசல்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருமகன் தன் கையால் ஓட்டிவந்து மாமனார் வாசலைத் தாண்டவைத்த மாடு பரிச மாடு. தாண்டிவிட்டால் அது அவன் மாடு இல்லை. திருப்பிக் கேட்டவன் இதுவரை பிறக்கவில்லை.

திரும்பிவிடலாம் என்று திரும்பினேன். பாதையின் நடுவில் கேயா வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். கயிறும் வைத்திருந்தான்.

பின்னால் போனால் மூன்றும் நமசாக்காவுக்கு. முன்னால் போனால் மூன்றும் மாமனாருக்கு. கூட்டத்தில் நங்கிலா முன்வரிசையில் நின்றாள். சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த இலைக்கொத்து லேசாக ஆடியது. அவளுக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்தது. "வாங்க, சிமியூ அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

மயிலையின் முதுகில் தட்டினேன். மூன்றும் உள்ளே போயின.

மாமனார் முக்வானா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நாள் ஆனாலும் என் மருமகன் சொன்ன சொல் தவறலை" என்றார்.

"மாமா, வந்து… இது சும்மா, கொஞ்ச நாளைக்கு…"

"சும்மாவா? கோட்டுப் போட்டுக்கிட்டா?" என்றார் என் பெரியப்பா, குழலை வாயிலிருந்து எடுக்காமலே.

என்னை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கோழிக்கறி வந்தது. தட்டின் நடுவில் கோழியின் இரைப்பை. எங்கள் பக்கத்தில் அது பந்தியில் உயர்ந்த ஆணுக்கு வைக்கிற மரியாதை. பயத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எடுத்து வாயில் போட்டுவிட்டேன். மரியாதையை மென்று விழுங்கிய பிறகு, மாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

விழுங்கிவிட்டு நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் நமசாக்கா உட்கார்ந்து கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார்.

மாமனார் கைத்தடியைத் தட்டினார். எல்லாரும் அமைதியானார்கள். "எனக்கு வர வேண்டியது ஒரு மாடு" என்றார். "அந்தக் கன்னுக்குட்டியை எடுத்துக்கிறேன். இவர் குடும்பத்துக்கும் எனக்கும் இன்னையோட கணக்கு நேர். ஆனா என் வாசலுக்குள்ள வந்த எதையும் மருமகன் கையில திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்க பரம்பரையில இல்லை. அதனால மத்த ரெண்டையும் என் மகளுக்குக் கொடுக்கிறேன். என் பேரப்பிள்ளைங்க பால் குடிக்கட்டும்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். என் பெரியப்பாதான் அதிகமாக ஆட்டினார்.

நங்கிலா நமசாக்கா முன்னால் போய் நின்றாள். "ஐயா, எல்லாம் கேட்டீங்கல்ல. இவர் பேர்ல இப்ப ஒரு மாடும் இல்லை. நாளைக்கு லாரி கொண்டு வந்தா, எட்டுக் கோழி இருக்கு, ஏத்திக்கலாம். அதுல ஒண்ணு ஸ்பீக்கருக்குள்ள அடைகாக்குது, அதை மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க."

நமசாக்கா கோழிக்காலைக் கீழே வைத்தார். "என்னம்மா இது? கணக்கு முடிக்கலாம் வாங்கன்னு நீதானே கூப்பிட்டே? இவர் எழுதிக் கொடுத்திருக்காரே."

"கணக்கு முடிக்கத்தான் கூப்பிட்டேன். அவர் எழுதிக் கொடுத்தது அவர் மாட்டை. இது எங்கப்பா எனக்குக் கொடுத்த மாடு. வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க. பெரியவங்க இத்தனை பேர் சாட்சி சொல்ல வருவாங்க. இல்லைன்னா என் மயிலையை வாங்கிக்கங்க. முதலுக்கு முதல் சரியாப் போகும். வட்டி, வட்டிக்கு வட்டி எல்லாம் இந்தப் பானையோட முடிஞ்சுது. மயிலை வேணுமா, கோழி வேணுமா?"

பெரியவர்கள் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நமசாக்காவைப் பார்த்தார்கள். என் வீட்டு அடுப்பும், என் பிள்ளையின் பள்ளிக்கூடமும் அந்த ஆளின் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் மயிலையைப் பார்த்தார். பெரியவர்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது.

"கேயா, மயிலையை அவுத்துக்கோ" என்றார். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து, அத்தனை பேர் முன்னிலையில் கிழித்துப் போட்டார்.

திரும்பி வரும்போது செவலை முன்னால் போயிற்று. கயிறு நங்கிலாவின் கையில். நான் பின்னால் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். நமசாக்காவின் கடையைத் தாண்டும்போது தொப்பியை இழுத்துவிடத் தோன்றவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் நிமிர்ந்து நடந்தேன். உண்மையைச் சொன்னால், அழுதுவிடுவேன் போல இருந்தது. ஆனால் ஆம்பிளை. அதனால் சண்டை போட்டேன்.

"என்னை நல்லா ஏமாத்திட்டே."

"எதுல? நீங்க சபதம் போட்டீங்க. உங்க கையால ஒரு மாட்டை வித்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். விற்கவில்லை.

"ஒளிச்சு வைக்கிற யோசனை யாரோடது?"

என்னுடையதுதான்.

"நான் வேண்டாம்னு சொன்னேனா, இல்லையா?"

சொன்னாள். ரெண்டு தடவை சொன்னாள்.

அடுத்த வாரமே ஸ்பீக்கர் ரெண்டையும் மாதா கோவிலுக்கு விற்றுவிட்டாள். அடைகாத்த கோழியும் குஞ்சுகளும் மட்டும் இறக்கப்பட்டன. அந்தப் பணம் போன் கடனில் பாதியை அடைத்தது. மீதிக்கு, செவலையின் பால் காசு மூன்றாவது டப்பாவில் விழுந்துகொண்டிருக்கிறது. சிமியூ பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறான்.

ஒரு காலையில் டீ வந்தது. கருப்பாக இருந்தது.

"பால் எங்கே?"

"என் செவலை பாலா? பாட்டில் அறுபது ஷில்லிங். இன்னைக்குக் கறந்தது எல்லாம் கேட்டவங்களுக்குப் போயிருச்சு. ஒரு பாட்டில்தான் மிச்சம்."

"அப்ப அதைக் கொடு. கணக்குல வச்சுக்கோ. மாசக் கடைசியில தந்துர்றேன்."

நங்கிலா பால் பாட்டிலை எடுத்து, தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"மக்கோக்காவோட பண விஷயத்துல எச்சரிக்கையா இருங்கன்னு எனக்கும்தாங்க மெசேஜ் வந்துச்சு" என்றாள்.